தாய்க்கு ஒரு உருண்டை

மூன்றாவது முறையாக முனிலட்சுமி பின்வாசலை மெழுகினாள்.

விடிவதற்கு முன்பே ஒரு தரம் மெழுகியாயிற்று. ஈரம் காய்வதற்குள் ஏதோ ஒரு நாய் அதன்மேல் நடந்து போயிருந்தது. திட்டிக்கொண்டே மறுபடியும் சாணி கரைத்து மெழுகிவிட்டு, அடுப்பில் பருப்பைக் கிளறிவிட்டு வந்து பார்த்தால், அதே இடத்தில் அதே தடம். பத்து வீட்டார் விருந்துக்கு வரப்போகிற நாளில், இருக்கிற இரண்டு கையை வைத்துக்கொண்டு ஒருத்தி எதைத்தான் பார்ப்பாள்? குந்தி உட்கார்ந்து தடத்தை உற்றுப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது. மாங்காய்க் கொட்டகை ஓரத்தில் ஆரம்பித்து, வீட்டுச் சுவரை ஒட்டியே வந்து, மகள் காவேரி படுக்கிற அறையின் சன்னலுக்கு நேர் கீழே அது நின்றிருந்தது. மூன்று கால்கள் நன்றாகப் பதிந்திருந்தன. நாலாவது கால் பதிய வேண்டிய இடத்தில், எதையோ தரையோடு இழுத்துப் போனதுபோல ஒரு கோடு. வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாய்க்குட்டி. அதன் பாதம் புளியங்கொட்டை அளவுகூட இருக்காது.

"எந்தச் சனியனோ," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தடத்தின்மேல் சாணிக் கையை அழுத்தித் தேய்த்தாள்.

விருந்தே அந்தக் குட்டிக்காகத்தான். வேப்பனப்பள்ளிக்கு மூன்று மைல் தள்ளி, மாந்தோப்புக்குள் தனியாக நிற்கிற வீடு அவர்களுடையது. ஒன்பது நாளைக்கு முன்னால், கிருஷ்ணகிரி மண்டிக்கு லாரியில் மாங்காய் ஏற்றிப் போன அவள் புருஷன் கிருஷ்ணப்பன், இருட்டின பிறகு துண்டுக்குள் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தான். துண்டைப் பிரித்ததும் செம்பட்டை நிறத்தில், ஒற்றைக் காது வெள்ளையாக ஒரு குட்டி தடுமாறி எழுந்து நின்றது. ஆறு வயசு காவேரி அதற்கு எதிரில் குந்தி, கையை நீட்டி, "வா" என்றாள்.

காவேரி வாய் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாலாம் வயசில் வந்த விஷ ஜுரம் பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சேலம் வரைக்கும் போய்க் காட்டியும் பிரயோசனமில்லை. ஊரார் அவளை ஊமைப்புள்ளை என்றுதான் சொன்னார்கள், பெற்றவள் காதில் விழும்படியே சொன்னார்கள். அந்த ஒரு "வா"வைக் கேட்டு, கையில் பிடித்த சொம்போடு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள் முனிலட்சுமி. மறுநாள் காலையில் "வா, குட்டி" என்று இரண்டு வார்த்தை வந்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். ஊமை என்று சொன்ன வாயெல்லாம் இங்கே வந்து இலை முன்னால் உட்கார வேண்டும். எல்லார் முன்னாலும் குட்டிக்குக் காவேரியே பேர் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் காதால் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

பிறந்த ஊரான கல்லாவியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். போன வருஷத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், செய்ய வேண்டியதையெல்லாம் பென்சிலால் வரிசையாக எழுதி, முடித்ததற்கு நேராக ஒரு கோடு கிழித்துக்கொண்டு வந்தாள். கோடு விழுந்தது நாலைந்துக்குத்தான். சமைக்க வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஆள் சாவு வீட்டுக்குப் போய்விட்டான். வந்த வாழை இலையில் பாதி கிழிசல். குட்டியின் கழுத்துக்கு மணி கோத்து வைத்த சிவப்புக் கயிற்றைக் காணோம். அறுப்புக் காலம் என்று சொல்லிப் புருஷன் பொழுதுக்கும் தோப்பிலேயே கிடந்தான். கண்ணில் படாமல் இருப்பதற்கு அவனுக்கு அது ஒரு சாக்கு என்று பட்டது அவளுக்கு.

அழைக்கப் போன இடத்தில் கேலி பேசினார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

"நாயிக்குப் பேரு வெக்கப் பத்து வூட்டுக்குச் சோறா?" என்றாள் நாத்தனார் மங்கம்மா, பாக்கை வாயில் போட்டுக்கொண்டே. "மொய் இன்னாம்மே வெக்கறது, எலும்பா?"

"நீங்க வந்து வவுறு நெறையச் சாப்புட்டுட்டுப் போங்க அண்ணி. அது போதும்."

"வர்றேன் வர்றேன். ஊமைப்புள்ள பேசற அதிசயத்தப் பாக்கத்தான் வர்றேன்."

தாங்க முடியாதது வேறொன்று. வெற்றிலை பாக்கைக் கையில் வாங்கியதும், எந்த வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தாய்க்குக் களி வெச்சீங்களா?

அவள் பிறந்த பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பக்கத்துத் தோப்பு வெள்ளையம்மாதான், பால் ஊற்ற வந்த இடத்தில் விளக்கிச் சொன்னாள்.

"குட்டியத் தூக்கறப்ப தாய் முன்னால ஒரு உருண்டை களி வெக்கணும். 'இது உனக்கு, குட்டி எனக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அது களியத் தின்னுட்டுத் திரும்பிப் பாக்காம போச்சுன்னா, அப்பறம் குட்டி உங்க வூட்டுது. தாய்க்கு அதுமேல பாத்தியதை இல்ல."

"வெக்கலன்னா?"

"வெக்கலன்னா தாய் சும்மா உடுமா? நீ பெத்தவதான, உனக்குத் தெரியாதா? உங்க வூட்டுக்காரரு இந்த ஊருல பொறந்தவரு, அவரு வெக்காமயா தூக்கியாந்திருப்பாரு?"

அவனைக் கேட்டாள். தலைத்துண்டைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆச்சு ஆச்சு" என்றான். அது வைத்தாயிற்று என்ற பதிலா, பேச்சை விடு என்ற பதிலா? அவனைக் கேட்பதற்கு முன்பு, முதல் வீட்டில், "கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவள் உண்மையைச் சொன்னதற்கு, வாங்கின பாக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டிலிருந்து, "வெச்சாச்சு, வெச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டு போனாள். பத்தாவது வீட்டுக்கு வந்தபோது அவள் நாக்கு அதற்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

உச்சி வெயில் ஏறியது. தோப்பு முழுக்க மாங்காய்ப் பாலின் காட்டமான வாசனை அசையாமல் நின்றது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ரோட்டோரம் அடிபட்டு இரண்டு நாள் வெயிலில் கிடந்ததன் வாசனை. கூரையில் எலி செத்திருக்கும் என்று நினைத்து, நாற்காலி போட்டு ஏறி ஓட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். தூசிதான் வந்தது. அடுப்படியில் நின்றால் அந்த வாசனை வரவில்லை. காவேரியின் அறைக்குள் போனால் வந்தது.

காவேரி கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்திருந்தாள். புதுப் பாவாடை புழுதியில் கிடந்தது.

"ஏண்டி கண்ணு, ஒரு நாளைக்காவது அம்மா பேச்சக் கேளேன். எழுந்திரு. குட்டிக்குப் பேரு சொல்லணுமில்ல? எங்க, 'வா' சொல்லு. வா."

காவேரி அவளுடைய கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். மூன்று நாளாகவே இப்படித்தான். வந்த இரண்டு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை. ஊரைக் கூட்டி வைத்துவிட்டு, பிள்ளை வாயைத் திறக்காவிட்டால்? மங்கம்மாவின் சிரிப்பு முனிலட்சுமியின் காதில் இப்போதே விழுந்தது. பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, தலையைச் சீவி, பாவாடையைக் கட்டி, காலில் கொலுசைப் பூட்டினாள். ஒன்றுக்கும் காவேரி மறுக்கவில்லை. சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேருக்கும் பால் வைத்தாள். பிள்ளைக்கு டம்ளரில், குட்டிக்குக் கொட்டாங்கச்சியில். அவசரத்தில் வடிகட்டவில்லை. பால் ஆடையைக் கண்டால் காவேரிக்குக் கைக்குழந்தையிலிருந்தே ஆகாது. நெற்றியைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். வடிகட்டியை எடுத்துக்கொண்டு முனிலட்சுமி திரும்பியபோது காவேரி டம்ளரைத் தரையில் வைத்து, குனிந்து, நாக்கை நீட்டி ஆடையை வழித்துக்கொண்டிருந்தாள்.

குட்டி பாலைத் தொடவில்லை. ஆடையைப் பார்த்தது. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அதன் நெற்றி சுருங்கியிருந்தது.

முனிலட்சுமி வடிகட்டியைச் சுவர் ஆணியில் மாட்டினாள். பிறகு, வேலை கிடக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். குழந்தைகள் பார்த்ததைச் செய்யும். குட்டியோடு விளையாடுகிற பிள்ளை குட்டியைப்போலத்தான் செய்யும். "காவேரி, போதும், எழுந்து வா" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. குட்டிதான் ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

பொழுது சாய்கையில் மேற்கே மேகம் திரண்டது. காற்று நின்றுபோய், ஓர் இலைகூட அசையாத அந்த வெக்கையில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ராமப்பன் கொண்டுவந்த பெட்ரோமாக்ஸ், மேண்டில் வலை உதிர்ந்துபோய், அவன் வேறொன்று கட்டிப் பம்ப் அடித்து, இரண்டு தரம் குப்பென்று எரிந்து அணைந்த பிறகு, மூன்றாவது தரத்தில் ஒருவழியாகப் பிடித்தது. அது உஸ் என்று இரைகிற சத்தத்தில் வீடு நிறைந்தது.

"நாயி கல்யாணத்துக்கு வெளக்கு புடிச்ச மொத ஆளு நான்தான்," என்றான் ராமப்பன். "மாப்பிள எங்கம்மா?"

"பேரு இன்னா வெக்கப் போறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"காவேரி சொல்லுவா," என்றாள் முனிலட்சுமி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மங்கம்மாவாகத்தான் இருக்கும்.

இலை போட்டாயிற்று. களியும் பச்சைப்பயறுக் குழம்பும் இறக்கி வைத்தாயிற்று. அப்போது வெள்ளையம்மா அடுப்படிக்குள் தலையை நீட்டினாள். "மொத உருண்டைய எடுத்து வெளிய தாய்க்கு வெச்சிரு முனிலட்சுமி. எங்க இருந்தாலும் அதும் பங்கு அதுக்குப் போவணும். அப்பறந்தான் நாங்க கை நனைப்போம்."

கிருஷ்ணப்பன் அப்போதுதான் தோப்பிலிருந்து வந்து, பின்வாசலில் கால் கழுவக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. செம்பு கையிலிருந்து நழுவி உருண்டது.

அவள் எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் மெழுகின தரையில் மூன்று கால் தடம். ஓர் இழுப்பு. இந்தத் தரம் அது சன்னலோடு நிற்கவில்லை. நிலைப்படி வரைக்கும் வந்திருந்தது.

"இது எப்பலருந்து?" என்றான்.

"விடியக்காலையிலருந்து. எதுக்குக் கேக்கறீங்க?"

அவனைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, கூடத்துப் பக்கக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. களி வெச்சீங்களா, இல்லியா?"

"லாரி அடிச்சிருச்சு முனி," என்றான் அடங்கிய குரலில். "நாங்க வந்த லாரிதான். எறங்கிப் பாத்தேன். முன்னங்கால் நசுங்கி, ஒடம்பு ரோட்டோட ரோடாக் கெடந்துச்சு. அப்பவும் குட்டி அது மார்ல வாய வெச்சிப் பால் குடிச்சிக்கினு இருந்துச்சு. உட மாட்டேன்னுச்சு. நான்தான் இழுத்துப் பிச்சி எடுத்தாந்தேன். செத்துக் கெடக்கற நாயிக்கு யாராச்சும் களி வெப்பாங்களா?"

"எந்தக் காலு?"

அவன் பின்வாசல் தரையைக் காட்டினான்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒன்பது நாள். ஒன்பது வீட்டில் அவளை வாய் கூசாமல் பொய் சொல்ல வைத்த ஒன்பது நாள். ஒரு உருண்டை களி, அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஒரு மனுஷன். "நவுருங்க," என்றாள். கையைத் தண்ணீரில் நனைத்து, கொதிக்கக் கொதிக்கக் களியை அள்ளி உருட்டினாள். உள்ளங்கை வெந்தது. பொருட்படுத்தவில்லை. லாந்தரை எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அவிழ்ந்தது. தோப்பு மொத்தமும் ஒரே மூச்சில் இரைந்து, பழுக்காத காய்கள் தொப்தொப்பென்று விழுந்தன. லாந்தர் ஒருமுறை நிமிர்ந்து எரிந்து அணைந்துபோயிற்று. முதல் துளி மழை. மண் வாசனை. அதையும் மீறிக்கொண்டு அந்த இன்னொரு வாசனை, இப்போது ரொம்பக் கிட்டத்தில்.

இருட்டில் குந்தி, மெழுகின தரையில் உருண்டையை வைத்தாள்.

"இந்தா," என்று உரக்கச் சொன்னாள். "இது உனக்கு. குட்டி எனக்கு. போயிரு."

பதில் சத்தம் ஒன்று வந்தது. சப், சப், சப். ஈரமான சத்தம். விடாத சத்தம்.

கன்றுக்குட்டி மடியில் முட்டிக் குடிக்கிற சத்தம் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டில் மாடு கிடையாது.

மின்னியது.

கொட்டகைச் சுவரோரம் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. விலா ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, தோலும் மண்ணும் ஒன்றாக ஒட்டிப்போய். முன்னங்கால் துணிபோலத் துவண்டு கிடந்தது. அதன் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, புதுப் பாவாடை புழுதியில் விரிய, இரண்டு கையாலும் அந்த மடியைப் பிசைந்தபடி காவேரி. கழுத்தில் சிவப்புக் கயிறு. அதில் மணி.

இருட்டு.

"காவேரி," என்றாள். குரல் வெளியே வரவில்லை.

சப்பும் சத்தம் நின்றது. ஏதோ எழுந்தது. மூன்று கால். ஓர் இழுப்பு. மூன்று கால். ஓர் இழுப்பு. அவள் கிட்டத்தில் வந்து நின்றது. அவள் விரல் நுனியிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. மூச்சு விடும் சத்தம் இல்லை. தின்னும் சத்தம் மட்டும். சூடான களி. மெதுவாக. கடைசிப் பருக்கை வரைக்கும். தரையை நக்கும் சத்தம்.

எடுத்துவிட வேண்டும். களியைப் பிடுங்கிவிட வேண்டும். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கை எழவில்லை.

மறுபடியும் மின்னியது.

அது போய்க்கொண்டிருந்தது. தோப்புக்குள், முதல் வரிசை மரங்களைத் தாண்டி. திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பின்னால் கையையும் முழங்காலையும் ஊன்றி, மழையில் நனைந்த பாவாடையை இழுத்துக்கொண்டு, இன்னொன்று. அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. மணிச் சத்தம். கொலுசுச் சத்தம். மரங்களுக்கு நடுவில். இன்னும் தூரத்தில். மழை.

"காவேரி!"

இந்தத் தரம் குரல் வந்தது. வீடு முழுக்கக் கேட்டிருக்கும். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. பெட்ரோமாக்ஸின் இரைச்சல் மட்டும்.

"யம்மா."

அவளுக்குப் பின்னாலிருந்து. தெளிவாக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன அதே குரல், கொஞ்சமும் மாறாமல்.

திரும்பினாள். நிலைப்படியில், அடுப்படி வெளிச்சத்தில், ஒற்றைக் காது வெள்ளையாக, அந்தக் குட்டி உட்கார்ந்திருந்தது. நெற்றியைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி.

உள்ளே மங்கம்மாவின் குரல் எழும்பியது. "கேட்டீங்களா! அட, பேசுதே! எந்தம்பி பொண்ணு பேசுதே!" ஆளாளுக்குக் கூவினார்கள். யாரோ கை தட்டினார்கள். ராமப்பன் விசில் அடித்தான். "யம்மான்னுது பாரு! இன்னொரு தரம் சொல்லு கண்ணு, எல்லாரும் கேக்கட்டும்!"

குட்டி அண்ணாந்து முனிலட்சுமியைப் பார்த்தது. இன்னொரு தரம் சொன்னது.